கம்பி வழியும் குறுக்கு வழியும்

எலக்ட்ரிக் கிடாரின் ஒரு கம்பியைத் தட்டிவிட்டால் சில விநாடிகள் ஒலித்து அடங்கிவிடும். விரல் கொடுத்த விசையில் கொஞ்சம் காற்றோடு உரசிப் போகும். கொஞ்சம் பிரிட்ஜ் வழியாக மரத்துக்குள் இறங்கும். மிச்சம் கம்பிக்குள்ளேயே சூடாகித் தீரும். போகிற அளவை யாராவது திரும்பத் தந்துகொண்டே இருந்தால் கம்பி அடங்காது. அந்த வேலையைக் காந்தத்தால் செய்கிற கருவிதான் சஸ்டெய்னர். ஃப்ரெட்டிலிருந்து விரலை எடுக்கும்வரை சுரம் நின்றுகொண்டே இருக்கும்.

நான் இதைச் செய்யக் கற்றது சென்னையில், கிடார் பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில். எங்கள் மாஸ்டர் இளவயதில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்தவர். மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று காயில் கட்டிப் பழகிய கை, பிறகு கிடார் பிக்கப்புக்கு வந்தது. சஸ்டெய்னர் எங்களிடம் வந்ததே பழுதாகித்தான். ஜப்பானின் ஃபெர்னாண்டஸ் நிறுவனம் தன் கிடார்களில் சஸ்டெய்னரை வைத்தே விற்றது. அந்த நிறுவனம் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. போர்டு செத்துப்போன கிடாரோடு வருகிறவர்களுக்குப் புதிய போர்டு வாங்கித் தர வழியில்லை. அமெரிக்காவின் சஸ்டெய்னியாக்கை வரவழைக்கலாம். செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. “நாமளே செஞ்சிடலாம் தம்பி. ஆனா அது என்ன செய்யுதுன்னு புரியாம ஒரு சுத்துகூடச் சுத்தக் கூடாது” என்றார் மாஸ்டர். அப்படித்தான் என் பாடம் தொடங்கியது.

இழுக்க மட்டுமே தெரிந்த காந்தம்

பிக்கப் எனக்கு முன்பே பழக்கம். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற எனாமல் ஒயரை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் கலையும். கலையும் வேகத்துக்கு ஏற்பக் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது.

சஸ்டெய்னரில் இதையே திருப்பிப் போடுகிறோம். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பிலிருந்து வரும் சிக்னலை ஒரு சின்ன ஆம்ப் பெருக்குகிறது. பெருகிய மின்னோட்டம் நெக் பக்கம் உள்ள இன்னொரு காயிலுக்குப் போகிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் தன் காந்தத்தால் கம்பியை இழுக்கிறது, கம்பி ஆடுகிறது, அந்த ஆட்டத்தை பிக்கப் மறுபடி படிக்கிறது. இப்படி ஒரு வட்டம்.

மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி: “டிரைவர்லதான் கரண்டு ஓடுதே, அதுவே காந்தமாயிடும். அப்புறம் உள்ள எதுக்கு இன்னொரு காந்தம்?” எனக்கு விடை தெரியவில்லை. காந்தம் இல்லாத வெறும் காயிலைக் கட்டி, ஏ கம்பிக்கு மேலே பிடித்து, 110 ஹெர்ட்ஸ் சிக்னலைக் கொடுக்கச் சொன்னார். கம்பி 110-ஐ ஏற்காமல் மேல் ஸ்தாயியில் முனகியது.

காரணம் எளிது. காயில் எந்தத் துருவமாக மாறினாலும் எஃகு அதன் பக்கம்தான் வரும். காந்தமேறாத எஃகுக்கு இழுபடத்தான் தெரியும், தள்ளப்படத் தெரியாது. ஆகவே ஒரு அலையின் மேல் பாதியிலும் ஒரு இழுப்பு, கீழ்ப் பாதியிலும் ஒரு இழுப்பு. 110 அலைக்கு 220 இழுப்பு. உள்ளே ஒரு நிலைக் காந்தத்தை வைத்துவிட்டால் கம்பியின் மேல் எப்போதும் ஓர் இழுப்பு இருக்கும். மின்னோட்டம் ஒரு திசையில் போகும்போது அந்த இழுப்பு கூடும், மறு திசையில் குறையும். 110 அலைக்கு 110 முறைதான் ஏறி இறங்கும்.

அதற்காகக் கிடைத்ததிலேயே பலமான காந்தத்தை வைத்துவிடவும் முடியாது. நியோடைமியம் வைத்தால் அது கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சுருதி கோணும், உச்ச ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து அதிரும். சாதாரண கறுப்பு ஃபெரைட் பட்டையே போதும்.

வேகத்தைச் சொல்லும் பிக்கப்

அடுத்த பாடம் நேரம் பற்றியது. தூளியில் குழந்தையை ஆட்டுகிற அம்மாவுக்குப் பலம் வேண்டியதில்லை. தூளி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக ஒரு விரல் பட்டால் போதும். எதிர்ப்பக்கம் வரும்போது அதே விரல் பட்டால் தூளி நின்றுவிடும்.

கம்பிக்கும் அதே கணக்கு. அது போகும் திசையில், அது மிக வேகமாகப் போகும் கணத்தில் இழுப்பு உச்சத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் பிக்கப் ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. கம்பி எங்கே இருக்கிறது என்று பிக்கப் சொல்வதில்லை. எவ்வளவு வேகமாகப் போகிறது என்றுதான் சொல்கிறது. நடுவைக் கடக்கும்போது மின்னழுத்தம் உச்சம், ஓரத்தில் திரும்பும்போது பூஜ்யம். நமக்கு வேண்டிய நேரக்குறிப்பு அந்த சிக்னலிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கெடுக்காமல் டிரைவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

மாஸ்டர் டிரைவரின் இரண்டு ஒயர்களையும் வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கச் சொன்னார். கம்பியைத் தட்டினேன். உள்ளங்கையால் அமுக்கியதுபோல் சுரம் சட்டென்று அடங்கியது. அதே ஆம்ப், அதே காயில், அதே விசை. திசை மட்டும் எதிர். ஒயரைத் திருப்பிப் போட்டதும் சுரம் மெல்ல வீங்கி எழுந்து நின்றது. “ரெண்டையும் கேட்டாச்சுல்ல? இனிமே எந்தக் கிடார் வந்தாலும் எங்க கோளாறுன்னு காது சொல்லிடும்” என்றார்.

காயில் கட்டுதல்

டிரைவர் காயில் பிக்கப் காயிலைப் போன்றதல்ல. ஸ்ட்ராட் வகை பிக்கப் ஒன்றின் மின்தடை 6 கிலோ ஓம் அளவில் இருக்கும். அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ள 9 வோல்ட் பேட்டரியால் ஆகாது. டிரைவருக்கு 8 ஓம் வேண்டும். சின்ன ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் அதையும் ஓட்டிவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 36 கேஜ் எனாமல் ஒயர் கேட்டு வாங்கி வருவோம். அதன் தடிமன் 0.19 மி.மீ.; ஒரு மீட்டருக்கு 0.59 ஓம் வரும். அப்படியானால் 8 ஓமுக்குப் பதின்மூன்றரை மீட்டர் சொச்சம். 3 மி.மீ. இரும்புப் பட்டையை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றிக் கட்டினால் நூற்றுச் சொச்சம் சுற்றில் முடிந்துவிடும்.

சுற்றும்போது ஃபெவிகாலைத் தடவிக்கொண்டே சுற்ற வேண்டும். ஒரு சுற்று தளர்ந்திருந்தாலும் மின்னோட்டம் ஓடும்போது அது தானாக அதிரும். அந்த அதிர்வே ஒரு சத்தமாகி வட்டத்துக்குள் நுழைந்துவிடும். மோட்டாரில் வார்னிஷ் ஊற்றுவது எதற்காகவோ, இங்கே பசையும் அதற்காகத்தான் என்றார் மாஸ்டர். காய்ந்த பிறகு காயில் ஒரே கட்டியாக இருக்க வேண்டும்.

காயிலின் உயரம்தான் நான் நெடுநாள் மல்லுக்கட்டிய விஷயம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பார். எனக்கோ இன்னும் நிறையச் சுற்றினால் இன்னும் பலமாக இழுக்குமே என்று தோன்றும். அவர் பதில் ஒரு வைண்டிங்காரருடையது: “அதே இடத்துல மெல்லிசு ஒயரைப் போட்டு சுத்தை ரெண்டு மடங்காக்கினா ஓம் நாலு மடங்காகும், ஹென்றியும் நாலு மடங்காகும். பங்கு மாறாது. பங்கை மாத்தணும்னா காயிலோட உருவத்தைத்தான் மாத்தணும்.”

இந்தப் பங்கு ஏன் முக்கியம்? எந்தக் காயிலும் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும்; அதை அளக்கும் அலகுதான் ஹென்றி. அந்த எதிர்ப்பால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஹென்றிக்கும் ஓமுக்கும் உள்ள விகிதமும் அதிர்வெண்ணும். 8 ஓம் காயிலுக்கு 1 மில்லிஹென்றி என்று வைத்துக் கணக்கிட்டேன். தடித்த ஈ கம்பியின் 82 ஹெர்ட்ஸில் பின்தங்கல் சுமார் 4 பாகை, பொருட்டே இல்லை. மெல்லிய ஈ கம்பியின் 330 ஹெர்ட்ஸில் 15 பாகை. 1000 ஹெர்ட்ஸில் 38 பாகை. பிக்கப் சரியாகச் சொன்ன நேரத்தை டிரைவர் தாமதமாகக் கேட்கிறது. காயில் கனமாகக் கனமாக இந்தத் தாமதம் கூடும். மேல் கம்பிகள் சோர்ந்துபோகும். மெலிந்த காயில் குறைவாக இழுக்கும். ஆனால் நேரத்துக்கு இழுக்கும்.

ஆம்ப்: ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்

ஆம்ப்புக்கு எல்.எம். 386 என்ற எட்டுக்கால் ஐசி. எளிதாகக் கிடைக்கும், 9 வோல்ட்டில் ஓடும். அப்படியே இணைத்தால் 20 மடங்கு பெருக்கும். 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200 மடங்கு. அதன் உள்ளீட்டுத் தடை 50 கிலோ ஓம்தான். பிக்கப்பை நேராக இணைத்தால் கிடாரின் ஒலியே மங்கிவிடும். அதனால் முன்னே ஒரு எஃப்.ஈ.டி. டிரான்சிஸ்டர் வைத்து, 1 மெகா ஓம் தடையோடு சிக்னலை வாங்குகிறோம்.

ஐசியின் வெளியீட்டுக் கால் எப்போதும் பேட்டரி வோல்ட்டில் பாதியில் நிற்கும். அதைத் தடுக்க டிரைவருக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் வேண்டும்; இல்லாவிட்டால் காயில் சும்மாவே சூடாகும். பல சர்க்யூட் படங்களில் 220 மைக்ரோஃபாரட் போட்டிருப்பார்கள். ஸ்பீக்கருக்கு அது சரி. 8 ஓம் டிரைவரோடு அது சேர்ந்தால் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. போதாக்குறைக்கு அதை நேரத்துக்கு முன்னால் தள்ளியும் விடுகிறது. 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த ஈ கம்பி மட்டும் ஏன் எழவே மாட்டேன் என்கிறது என்பதற்கு விடை இதில் இருந்தது. 1000 மைக்ரோஃபாரட் போட்டதும் அந்தக் கம்பியும் பேசியது. கீழ்க் கம்பியில் கெபாசிட்டர் முந்துகிறது, மேல் கம்பியில் காயில் பிந்துகிறது. நடுவில் உள்ள கம்பிகள் சுகமாக இருக்கின்றன. ஆறு கம்பியும் சமமாக நிற்க வேண்டும் என்றால் இந்த இரண்டு முனைகளையும் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

குறுக்கு வழி

இவ்வளவும் செய்து கிடாரில் பொருத்திச் சுவிட்சைப் போட்டால், முதலில் வருவது சுரம் இல்லை. காதைத் துளைக்கும் கீச்சல். சஸ்டெய்னர் செய்ய முயன்று பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள். மாஸ்டர் சொன்னது: “ஆறு கம்பியையும் உள்ளங்கையால அமுக்கு.” அமுக்கினேன். கீச்சல் நிற்கவில்லை. “அப்ப அது கம்பி இல்ல. குறுக்கு வழி.”

டிரைவரிலிருந்து பிக்கப்புக்குப் போக இரண்டு பாதைகள். ஒன்று, டிரைவர் கம்பியை ஆட்டி, கம்பி பிக்கப்பை எட்டும் கம்பி வழி. இன்னொன்று, டிரைவரின் காந்தப்புலம் கம்பியைக் கேட்காமல் நேரே பிக்கப் காயிலுக்குள் நுழையும் குறுக்கு வழி. இரண்டாவது பாதையில் அதிர்வெண் ஏற ஏறத் தூண்டல் பலக்கும். அதனால்தான் அது எப்போதும் உச்சஸ்தாயியில் கத்துகிறது. அதன் பிறகு நான் கற்றதெல்லாம் இந்தக் குறுக்கு வழியை அடைக்கும் வித்தை.

தூரம் முதல் மருந்து. டிரைவர் நெக் பக்கம், பிக்கப் பிரிட்ஜ் பக்கம். கிடாரில் இதைவிட விலக்கி வைக்க இடமில்லை. நடுவில் வேறு பிக்கப் இருந்தால் சஸ்டெய்னர் ஓடும்போது அதன் இரண்டு ஒயர்களையும் துண்டிக்க வேண்டும். சிக்னல் ஒயரை மட்டும் வெட்டிவிட்டு எர்த்தை விட்டுவைத்தால் கீச்சல் எங்கிருந்தோ நுழையும். அதற்காகவே பல முனைச் சுவிட்ச். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இருந்தால் பாதி வேலை முடிந்தது: எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்கள், தொலைவிலிருந்து வரும் புலத்தை ஒன்றுக்கொன்று கழித்துவிடும். டிரைவரின் எர்த்தும் பிக்கப்பின் எர்த்தும் ஒரே புள்ளியில்தான் சேர வேண்டும்; வழியில் எங்காவது சேர்ந்தால் டிரைவரின் பெரிய மின்னோட்டம் பிக்கப்பின் சின்ன சிக்னலோடு ஒரே ஒயரில் ஓடும். மெலிந்த காயில் இங்கேயும் கை கொடுக்கிறது. அதன் புலம் பக்கவாட்டில் அதிகம் சிதறாது.

கடைசி மருந்து, பெருக்கத்தைக் குறைப்பது. 200 மடங்கு கிடைக்கிறதே என்று எடுத்தால் கீச்சலும் 200 மடங்கு. 10 மைக்ரோஃபாரட்டோடு 1.2 கிலோ ஓம் சேர்த்தால் 50 மடங்கு வரும். நல்ல டிரைவருக்கு அந்த அளவே பெரும்பாலும் போதுமானது. இதற்குமேல் வேண்டும் என்று கேட்கிற டிரைவரை நாங்கள் திரும்பக் கட்டுவோம்.

காந்தத்தால் சுரத்தை நிற்க வைத்தவர்கள் எங்களுக்கு முன்பே இருக்கிறார்கள். அமெரிக்கரான கிரெக் ஹீட் 1969-இல் உருவாக்கி 1976-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈபோ, கையில் பிடிக்கும் கருவி. பிக்கப்பும் டிரைவரும் ஒரே உறைக்குள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான். கனடாவின் மைக்கேல் ப்ரூக் கிடாருக்குள்ளேயே வட்டத்தை மூடி ‘இன்ஃபினிட் கிடார்’ செய்தார். யு2 குழுவின் எட்ஜ் 1987-இல் வந்த ‘வித் ஆர் வித்தவுட் யூ’ பாட்டில் அதைத்தான் வாசித்தார்.

டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டில் ராபர்ட் ஃப்ரிப் வாசித்த நீண்ட சுரங்கள் ஈபோ என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது 1977-இல் பெர்லினில் ஸ்பீக்கரின் ஒலியாலேயே கிடார்க் கம்பியை ஆட்டிச் செய்தது. எந்தச் சுரத்துக்கு ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தரையில் நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டு நகர்ந்து வாசித்தார். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 330 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு மீட்டர் சொச்சம். அரை மீட்டர் நகர்ந்தாலே உதவி எதிர்ப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம். சஸ்டெய்னரில் காற்றின் இந்தத் தாமதம் கிடையாது. வாசிக்கிறவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். காந்தம் நமக்குத் தந்த பெரிய சௌகரியம் அதுதான்.

எதிர்த் திசையின் பயன்

ஒயரைத் திருப்பினால் சுரம் அடங்கும் என்றேன். எப்போதும் முழுதாக அடங்குவதில்லை. அமுங்கிய சுரத்தின் மேல் வேறொரு சுரம், மெல்லிய விசிலாக, எழுந்து வரும். விலைக்கு வரும் சஸ்டெய்னர்களில் ‘ஹார்மோனிக்’ என்று ஒரு சுவிட்ச் இருப்பது இதற்குத்தான்.

இதை மாஸ்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கம்பியின் நீளம் 648 மி.மீ. டிரைவர் இருப்பது பிரிட்ஜிலிருந்து கால் பங்கில், சுமார் 162 மி.மீ. தள்ளி. பிக்கப் 4 செ.மீ. தள்ளி. கம்பி முழு நீளத்தில் ஆடும்போது இரண்டு இடமும் ஒரே பக்கம் போகும். கம்பி ஐந்து துண்டாகப் பிரிந்து ஆடும் ஐந்தாம் ஹார்மோனிக்கில், பிக்கப் மேலே போகும்போது டிரைவர் இருக்கும் இடம் கீழே போகும். ஒயரைத் திருப்பினால் முதல் சுரத்துக்கு எதிர்ப்பு, ஐந்தாவதுக்கு உதவி. நான்காவதுக்கு டிரைவர் இருக்கும் இடத்தில் அசைவே இல்லை. அதை அங்கிருந்து யாராலும் ஆட்ட முடியாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பி பாதியாகி, டிரைவர் அதன் நட்ட நடுவில் வந்துவிடுகிறது. இப்போது மூன்றாம் ஹார்மோனிக் எழும். நம் கணக்கில் சொன்னால், வாசிக்கும் சுரம் ஸட்ஜமானால் திறந்த கம்பியில் கேட்பது இரண்டு ஸ்தாயி மேலே அந்தர காந்தாரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கேட்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். விரல் நகர நகர எழும் சுரமும் மாறும்.

யாருக்கு ஆகும்

பட்டறைக்கு வந்து கேட்பவர்களில் கர்நாடக இசை வாசிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; கமகத்துக்குச் சுரம் நிற்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் இரட்டைக் கம்பி மாண்டலினை விட்டு ஒற்றைக் கம்பி போட்ட மின் மாண்டலினைக் கையில் எடுத்ததிலும் இந்தத் தேவை இருந்தது. வீணைக்கு வைக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் மாஸ்டர் ஒரு சின்னக் காந்தத்தைக் கொடுத்து, கம்பிக்கு அருகே பிடிக்கச் சொல்வார். எஃகுக் கம்பி அசையும். பித்தளைக் கம்பி அசையாது. அசையாத கம்பிக்கு இந்த வித்தை எதுவும் பலிக்காது. நைலான் கம்பி கிடாருக்கும் அதே பதில். அகூஸ்டிக் கிடாரின் வெண்கலச் சுற்றுக் கம்பிகளில் உள்ளே எஃகு இருப்பதால் ஏதோ கொஞ்சம் எழும். அதற்காகச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

இப்போது நானே தனியாக டிரைவர் கட்டுகிறேன். கிடார் வந்ததும் நான் முதலில் கேட்பது: பிரிட்ஜில் ஹம்பக்கர் இருக்கிறதா, நெக் பக்கத்து பிக்கப்பை விட்டுக்கொடுக்கச் சம்மதமா, உள்ளே பேட்டரிக்கு இடம் குடைய மரம் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் வேலையை ஏற்பேன். புதிதாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிடாரைக் குடைவதற்கு முன்னால் மேஜை மேல் ஒரு பலகையில் ஒரே ஒரு கம்பியைக் கட்டி, ஒரு பிக்கப்பையும் ஒரு டிரைவரையும் கையால் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் கம்பி எழுகிறது, எந்த இடத்தில் கீச்சல் எழுகிறது என்று அந்தப் பலகையிலேயே தெரிந்துவிடும். கம்பியை அமுக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஆம்பைத் திருகாதீர்கள். காயிலைத் தள்ளி வையுங்கள்.